மூன்று மணி நீர்மட்டம்

வெலிகா ஆற்றிலிருந்து படியேறி வீட்டுக்குள் நுழைந்தபோது சுவர் வானொலிப் பெட்டியில் காலை உடற்பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தலைநகர் சோஃபியாவில் யாரோ பியானோ வாசிக்க, ஓர் ஆண் குரல் கையை உயர்த்து, மூச்சை இழு, விடு என்று நாட்டுக்கே கட்டளை போட்டது. டோல்னா வர்பாவில் அதைக் கேட்டுக் கையைத் தூக்கியவர் எவருமில்லை. அந்த வேளையில் ஊர்ப்பெண்கள் பன்றிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருப்பார்கள்; ஆண்கள் அடுப்பங்கரையில் காலுறையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் பெட்டியை யாரும் அணைப்பதில்லை. கூட்டுறவுப் பண்ணை அலுவலகத்திலிருந்து கம்பி இழுத்து வீட்டுக்கு ஒன்றாக மாட்டியது அது. ஒரே நிலையம், ஒரே திருகு. ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். வேறொன்றும் செய்ய முடியாது. வெலிகாவின் கணவன் குஸ்மன் சொல்வது போல, கட்டிய பெண்டாட்டியைவிட ஒரு வசதி அதில் கூடுதல்.

லாந்தரை ஊதி அணைத்துவிட்டு வெலிகா அடுப்பில் கையை நீட்டினாள். மணிக்கட்டில் மார்ச் பிறந்ததும் நலம் வேண்டிக் கட்டும் சிவப்பு வெள்ளை நூல் நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு?" என்றான் குஸ்மன். கட்டிலில் உட்கார்ந்து, கோணலாகக் கூடிய இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்துக்கொண்டிருந்தான்.

"இருநூத்திப் பத்து."

"நேத்து நூத்தி அறுபது."

"எனக்குத் தெரியாதா? நேத்துப் பாத்ததும் நான்தான்."

"ஒரே ராத்திரியில அம்பது சென்டிமீட்டரா? மேல விதின்ல ஏறல. லோம்ல ஏறல. நம்ம ஊருக்கு மட்டும் தனியா ஒரு ஆறு வருதோ?"

"கீழே எங்கயாவது பனிக்கட்டி அடைச்சிருக்கும். தண்ணி பின்னால ஏறுது."

"பனிக்கட்டி போயி ஒரு வாரமாச்சு. மூடுபனியில பலகையை மாத்திப் பாத்திருப்ப. ரெண்டாவதுக்குப் பதிலா மூணாவது."

"பலகையில மூக்கு முட்ட நின்னு பாத்தேன். பாவாடைக் கரை நனைஞ்சிருக்கு, பாரு."

அவன் பாவாடையைப் பார்க்கவில்லை.

ஆற்றோரக் கற்படிகளின் பக்கச் சுவரில் அளவுக்கோடு போட்ட இரும்புப் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று விடிகாலையில் பார்த்து, தபால் அலுவலகத்துத் தொலைபேசியில் நகரத்து ஆற்று அலுவலகத்துக்குச் சொல்வது குஸ்மனின் வேலை. அவர்கள் சோஃபியாவுக்கு அனுப்புவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வானொலியில் ஒரு பெண் குரல் டான்யூப் கரையின் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அளவைப் படிக்கும். விதின், லோம், ஒரியாகோவோ என்று இறங்கி வந்து, பெரிய துறைமுகங்களுக்கு நடுவே இந்த நூறு வீட்டு ஊரின் பெயரும் வரும். மந்திரி வந்ததில்லை, ரயில் வந்ததில்லை. ஆனால் தினமும் நாடு முழுக்கக் காதில் விழும் ஊர். குஸ்மன் மூன்று மணிக்கு முன்னால் முகம் மழித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வான். அவன் சொன்ன எண்ணை அந்தக் குரல் சொல்லும்போது தலையை லேசாக ஆட்டுவான், கையெழுத்துப் போடுவதுபோல.

டிசம்பரில் பனிப்படியில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. சமதரையில் கம்பூன்றி நடக்கும் அளவுக்குத் தேறினான். படி இறங்க முடியவில்லை. நொண்டிக்கு இந்த வேலை எதற்கு என்று அலுவலகம் ஆளை மாற்றிவிடும் என்பதால், விடியுமுன் வெலிகா லாந்தரோடு இறங்கிப் பார்த்து வருவதென்று இருவருக்குள்ளும் ஏற்பாடு. பார்ப்பது அவள், சொல்வது அவன். ஊருக்கு இது தெரியாது.

"நூத்தி அறுபத்தஞ்சுன்னு சொல்லிடுறேன்" என்று கம்பை எடுத்தான் குஸ்மன்.

"குஸ்மன், லசார் தீவுல இருக்கான்."

"இருக்கட்டும். அவனுக்குக் கண்ணு இல்லையா?"

"குடிசை நடு மேட்டுல, வில்லோ மரக் காட்டுக்குள்ள இருக்கு. தண்ணி முதல்ல தெப்பத்துறையைத்தான் மூடும். குடிசை வாசலுக்கு வர்றப்போ மாட்டை ஏத்த இடம் இருக்காது."

லசார் அவளுடைய தம்பி. தாய் போன பிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். பண்ணையின் கிடாரிகளை ஓட்டிக்கொண்டு இலையுதிர்காலத்தில் தீவுக்குப் போனவன், பசும்புல் வந்த பிறகுதான் திரும்புவான். தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடுவது ஆற்றின் சிறு கிளை. அதன் குறுக்கே கம்பிவடம் கட்டி, அதைப் பிடித்து இழுக்கும் தெப்பம் ஒன்று தீவுப் பக்கம் கிடந்தது. பலகையில் இருநூறு தாண்டியதாக வானொலி சொன்னால் மாட்டைக் கரையேற்று, அதற்கு முன் அசையாதே என்று பண்ணைத் தலைவர் சொல்லி, பேட்டரியில் ஓடும் வானொலி ஒன்றும் கொடுத்திருந்தார்.

"விதின்காரன் என்னைப் பாத்துச் சிரிக்கவா?" என்றான் குஸ்மன் வாசலில் நின்று. "நாளைக்கு நீ மறுபடி இறங்கிப் பாத்து, நூத்தி அறுபதுதான்னு வந்து சொல்லுவ. அப்போ சோஃபியா என்னன்னு நினைக்கும்? வர்பாவுல காலையிலயே சாராயம்னு நினைக்கும்."

கம்பின் சத்தம் தெருவில் தேய்ந்தது. பெட்டியில் உடற்பயிற்சி முடிந்து, குளிருக்குப் பிறகு திராட்சைக் கொடியைக் கவாத்துப் பண்ணுவது எப்படி என்று ஒருவர் பேசத் தொடங்கினார்.

பீன்ஸை ஊறலிலிருந்து எடுத்து அடுப்பில் ஏற்றினாள். காய்ந்த புதினாவைக் கசக்கிப் போட்டாள். பன்றிக்கு வைத்தாள். பண்ணையிலிருந்து வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த விதைப் பீன்ஸ் மூட்டையைப் பிரித்து, மேசைமேல் கொட்டி, சொத்தையைப் பொறுக்க உட்கார்ந்தாள். பெட்டியில் திராட்சை போய்ப் பள்ளிப் பிள்ளைகளின் பாட்டு வந்தது. குஸ்மன் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்து வலை முடிச்சுப் போட்டான். அவளுடைய விரல்கள் தாமாக ஓடின. கண்ணுக்குள் மட்டும் பலகையின் கோடு நின்றது. உண்மையிலேயே மாற்றிப் பார்த்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றியது. மூடுபனி, விடியாத நேரம், லாந்தர் புகை. நாற்பது வருஷம் இந்த ஆளோடு வாழ்ந்ததில், அவன் சொன்ன பிறகு தன் கண்ணையே சந்தேகிக்கும் பழக்கம் அவளுக்கு வந்திருந்தது.

நல்ல பீன்ஸையும் சொத்தையோடு போட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்ததும் எழுந்து சால்வையை எடுத்தாள்.

"எங்க?"

"தண்ணிக்கு."

வாளி வாசலிலேயே இருந்தது. அவன் கேட்கவில்லை.

காலையில் அவள் நின்று பார்த்த படி தண்ணீருக்குள் போயிருந்தது. அதற்கு மேற்படியின் விளிம்பைப் பழுப்பு நீர் நக்கிக்கொண்டிருந்தது. ஓடும் ஆற்றின் சத்தமே இல்லை. தொட்டி நிறைவதைப் போல் ஓசையின்றி ஏறியது. வேரோடு வந்த நாணல் கட்டு ஒன்று கீழ்நோக்கிப் போகாமல் அதே இடத்தில் சுழன்றது. மூடுபனிக்குள் தீவு இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை.

அங்கிருந்து நேரே எல்லைக் காவல் கூண்டுக்குப் போனாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளையெல்லாம் ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டியிருந்தது. எதிர்க்கரை வேறு நாடு.

"மூடுபனியில படகு கிடையாதும்மா" என்றான் காவலுக்கு நின்றவன். "என் கையில சாவியும் இல்ல. கமாண்டர் நகரத்துக்குப் போயிருக்கார்."

"தீவுல என் தம்பி இருக்கான்."

"ரேடியோ வச்சிருக்கார்ல? மூணு மணிக்குச் சொல்லுவாங்க" என்று அவன் ஆறுதலாகச் சொன்னான்.

வீட்டுக்கு வந்தவள் குஸ்மன் முன்னால் நின்றாள்.

"எந்திரி. வந்து நீயே பாரு."

"என்னால இறங்க முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"நின்னுக்கிட்டு இறங்க முடியாது. உக்காந்து இறங்கு."

"பைத்தியமா உனக்கு? யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். உன் இடுப்பு உடைஞ்சது பாவமா? திருடினியா?" அவள் குரல் உயரவில்லை. "என் கண்ணை நீ நம்ப வேண்டாம். நான் கெஞ்சல. உன் கண்ணைக் கொண்டு வந்து வை."

அவன் வலையை மடியிலிருந்து எடுத்து வைத்தான். நெடுநேரம் வலை ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்பை எடுத்தான்.

படித்துறையின் தலையில் உட்கார்ந்து, பிள்ளைகள் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகப் பின்புறத்தைத் தேய்த்து இறங்கினான். வெலிகா முன்னால் நின்று கோணல் காலைத் தாங்கிக்கொண்டாள். பாதி இறங்கும்போதே மூச்சிரைத்தது. ஆனால் அதற்கு மேல் இறங்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரே அவனை நோக்கி வந்திருந்தது. கையை நீட்டிப் பலகையைத் தடவினான். கோட்டில் விரலை வைத்தான். விரல் நனைந்தது.

"இருநூத்தி முப்பது" என்றான்.

நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லிவிடக் கூடாதென்று அவள் உதட்டைக் கடித்திருந்தாள்.

"மேல தூக்கு. சீக்கிரம்."

மேலே வந்ததும் கால் அவனைத் தாங்கவில்லை. இரண்டு முறை கம்பை ஊன்றினான், இரண்டு முறையும் சரிந்தான். வெலிகா ஓடிப்போய்த் தொழுவத்திலிருந்து சாணம் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைக் கொண்டுவந்தாள். அதில் கால் பரப்பி உட்கார்ந்தான் குஸ்மன். அவள் பெரிய தெரு வழியாகத் தள்ளினாள். வேலியோரம் நின்ற ஒருவன், "என்ன குஸ்மன் அண்ணே, சந்தைக்கா? விலை போவியா?" என்றான். வேறொரு நாளாக இருந்தால் குஸ்மன் அவனுடைய ஏழு தலைமுறையை இழுத்திருப்பான். இன்று, "வழியை விடுடா" என்று மட்டும் சொன்னான்.

தபால் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புப் போடும் ரைனா தனியாக இருந்தாள். சுறுசுறுப்பும் துடுக்கும் உள்ள பெண். அவர்கள் வந்த கோலத்தைப் பார்த்ததும் துடுக்கை எடுத்து வைத்துவிட்டு, தொலைபேசிக் கருவியை எடுத்தாள்.

"ஆத்து ஆபீஸா, பெரியப்பா?"

"போடும்மா. சீக்கிரம் போடு."

இணைப்புக் கிடைக்க நேரம் பிடித்தது. கிடைத்ததும் குஸ்மன் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். தொலைபேசியில் உட்கார்ந்து பேசும் வழக்கம் அவனுக்கு இல்லை.

"டோல்னா வர்பா பேசுறேன். காலையில நூத்தி அறுபத்தஞ்சுன்னு சொன்னேன். அது தப்பு. இருநூத்தி முப்பது, இன்னும் ஏறுது... ஆமா, முப்பது... இல்ல, குடிக்கல... நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். ஆமா, தப்பு என்னோடதுதான்... சோஃபியாவுக்குப் போயாச்சா? போனா என்ன, திரும்பக் கூப்பிடுங்க... நாளைக்கா? நாளைக்குச் சொல்லி என்ன செய்ய? தீவுல ஆள் இருக்கான்யா."

மறுமுனை பேசிக்கொண்டே இருந்தது. குஸ்மனின் காது சிவந்தது. "என்னை அப்புறமா என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க. இப்போ நம்பரை அனுப்புங்க" என்று சொல்லிக் கருவியைத் திருப்பிக் கொடுத்தான்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் வெலிகா.

"முயற்சி பண்றாங்களாம்."

ரைனா தானாகவே சோஃபியா வானொலிக்கு இணைப்புக் கேட்டாள். நகரம், அதற்கு மேல் இன்னொரு நகரம், அதற்கு மேல் தலைநகரம் என்று ஒவ்வொரு பெண்ணாகக் கெஞ்சி ஏறினாள். "எக்கா, ஒரு உசிரு விஷயம்... ஆமாக்கா, மாடும் இருக்கு, மனுசனும் இருக்கான்." கடைசியில் வானொலிக் கட்டடத்தில் யாரோ எடுத்து, ஆற்று அலுவலகத்தின் மூலமாக வராத எதையும் படிக்க முடியாது, ஆனால் சொல்லி வைக்கிறேன் என்றார்கள்.

அதற்குள் செய்தி பரவி, பண்ணைத் தலைவர் நைடென் தொப்பியும் கையுமாக வந்தார். படகுக்கு அவரும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "சங்கிலியை அறுத்தா சுடுவேங்கறான். சின்னப் பையன். சுட்டாலும் சுடுவான்" என்றார். வெலிகா வீட்டுக்கு ஓடிப் பீன்ஸ் சட்டியை இறக்கிவிட்டு, ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும் எடுத்து வந்தாள். யாரும் தொடவில்லை. ரைனாவின் பெட்டியில் மதியச் செய்தி போனது; எங்கோ உருக்காலை திறந்தார்கள். மலைநாட்டுப் பாட்டுக் குழு பாடியது. வயலின் கச்சேரி ஒன்று, முடியவே முடியாது என்பதுபோல் நீண்டது.

மூன்று மணிக்கு மணியொலி கேட்டது. ரைனா திருகை முழுக்கத் திருப்பினாள்.

"டான்யூப் ஆற்றின் நீர்மட்டம், சென்டிமீட்டரில்" என்றது அந்தக் குரல். பரபரப்பில்லாத, சலவை செய்து மடித்த துணி போன்ற குரல். விதின் வந்தது. லோம் வந்தது. குஸ்மன் மழிக்காத முகத்தோடு, சாணம் படிந்த கால்சட்டையோடு, சுவரைப் பிடித்து நின்றிருந்தான்.

"டோல்னா வர்பா, நூற்று அறுபத்தைந்து."

ரைனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நிற்காமல் ஸ்விஷ்டோவுக்குப் போனது, ரூசேவுக்குப் போனது. ஊரில் யாரும் ஆற்றோடு அவ்வளவு வேகமாக இறங்கிப் போனதில்லை. பிறகு வழக்கம்போல வெளிநாட்டுக் கப்பல்களுக்காக அதையே பிரெஞ்சில் படிக்கத் தொடங்கியது. ஊர்ப்பெயர்களெல்லாம் அத்தர் பூசிக்கொண்டு வந்தன.

"அவ்வளவுதான்" என்றார் நைடென்.

"இருங்க" என்றாள் வெலிகா.

பிரெஞ்சு முடிந்தது. காகிதம் சரசரத்தது. யாரோ கதவைத் திறந்து மூடும் ஓசை சோஃபியாவிலிருந்து அந்த அறைக்குள் கேட்டது.

"திருத்தம்" என்றது குரல். "டோல்னா வர்பா, இருநூற்று முப்பது. மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. மீண்டும் சொல்கிறோம். டோல்னா வர்பா, இருநூற்று முப்பது."

ரைனா அழுதுவிட்டாள். நைடென் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். வெலிகா மட்டும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?" என்றான் குஸ்மன்.

"லசார் பேட்டரியை மிச்சம் பிடிப்பான். நம்ம ஊர் நம்பர் வந்ததும் அணைச்சிடுறேன்னு என்கிட்டயே சொல்லியிருக்கான்."

குஸ்மன் கம்பை எடுத்தான். "தள்ளு" என்றான். "தெப்பத்துறைக்குத் தள்ளு."

கம்பிவடம் கட்டியிருந்த தடித்த ஓக் மரத் தூணைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். வடம் தண்ணீருக்கு மேல் கொஞ்ச தூரம் போய் மூடுபனிக்குள் மறைந்தது. மாலை இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ தகர டின்னைத் தட்டிப் பார்த்தார்கள். சத்தம் பஞ்சில் போனதுபோல் போயிற்று. வெலிகா வடத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பனியில் விறைத்த இரும்பு. கையை எடுக்காமல் நின்றாள். குஸ்மன் வண்டியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் தெரிந்தது அவளுடைய கைக்குத்தான். வடம் ஒரு துடிப்புத் துடித்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் உருளையின் கிறீச்சொலி, கிடாரி ஒன்றின் பயந்த கத்தல், அதன்மேல் லசாரின் வசவு.

"இழுங்கடா!" என்றார் நைடென்.

தெப்பம் மூன்று நடை வந்து போனது. கடைசி நடையில் லசார் இடுப்புவரை நனைந்திருந்தான். தீவுத்துறையில் மாடுகளைத் தண்ணீருக்குள் நடத்தித்தான் ஏற்ற முடிந்ததாம். ஒரு கிடாரி மட்டும் மிரண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது. வெலிகா சால்வையை அவிழ்த்து அவன் தோளில் போட்டு, கன்னத்தில் ஓர் அறையும் வைத்தாள்.

"எதுக்குக்கா?"

"ரேடியோவை அணைச்சிருப்பன்னு நினைச்சேன்டா."

"நம்பர் வந்ததும் அணைக்கிறதுதான்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஆனா அந்தம்மா பிரெஞ்சுல நம்ம ஊர் பேரைச் சொல்லும்ல. பிரெஞ்சு முழுசா முடிஞ்சப்புறம்தான் அணைப்பேன். அங்க பேச்சுத் துணைக்கு வேற யாரு இருக்கா? இன்னைக்கு அணைக்கப் போறேன், திருத்தம்னுச்சு."

கூட்டம் சிரித்தது. யாரோ பிளம் சாராயப் புட்டியை நீட்டினார்கள். லசார் குடித்துவிட்டு, வண்டியருகே வந்து குனிந்து குஸ்மனின் தோளைப் பிடித்தான்.

"மச்சான், நல்ல கண்ணுய்யா உனக்கு. விதின் ஏறாம, லோம் ஏறாம இப்படி ஒரு நம்பரை வேற எவன் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன். குஸ்மன் சொல்றான்னா படியில நின்னு பாத்துத்தான் சொல்லுவான்னு மாட்டை அவுத்தேன்."

நைடெனும் தலையாட்டினார். "ஆமா, இந்தக் காலோட."

குஸ்மன் புட்டியை வாங்கினான். குடிக்கவில்லை.

"பாக்குறது நான் இல்ல" என்றான்.

"என்னது?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலருந்து நான் அந்தப் படியில இறங்கினது இன்னைக்கு ஒருநாள்தான். பாக்குறது உன் அக்கா. தினமும் அவதான். இன்னைக்கு விடியுமுன்னயே இருநூத்திப் பத்துன்னு வந்து சொன்னா. நான்தான் நம்பாம குறைச்சுச் சொன்னேன்." புட்டியை மடியில் வைத்து மூடியை இறுக்கினான். "உன்னைக் கொல்லப் பாத்தவன் நான். கரையேத்தினது அவ."

மாடுகள் நனைந்த உடம்பைச் சிலிர்த்துக்கொண்டன. லசார் அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சால்வையை இழுத்துக்கொண்டான். வெலிகா யாரையும் பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பற்றித் தூக்கினாள்.

"வாடா லசார்" என்றாள். "பீன்ஸ் ஆறிப்போயிருக்கும். சூடு பண்ணித் தாரேன்."

அன்று இரவு மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். புதினா போட்ட பீன்ஸ் சாறும், ஊறிய முட்டைக்கோசும். லசார் குஸ்மனோடு பேசவில்லை. ஆனால் ரொட்டியைப் பிட்டபோது குஸ்மன் பங்கையும் பிட்டு அவன் பக்கம் தள்ளினான். அடுப்பருகே காயப்போட்ட லசாரின் காலுறையிலிருந்து ஆவி எழுந்தது.

விடியுமுன் வெலிகா லாந்தரை எடுத்தாள். தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. கீழே அடைப்பு உடைந்துவிட்டது போலும். ஆறு பழைய சத்தத்தோடு ஓடியது. திரும்பி வந்து அளவைச் சொன்னதும் குஸ்மன் கம்பை எடுக்கவில்லை.

"நீயே போய்ச் சொல்லு."

"எனக்குப் போன்ல பேசி வழக்கமில்ல."

"ஆத்துக்கிட்ட நின்னு பாக்க மட்டும் வழக்கம் இருந்துச்சா?"

"என்னை யாருன்னு கேப்பாங்க. உன் வேலை போயிரும்."

"அது நேத்தே போயிருக்கணும்" என்றான்.

தபால் அலுவலகத்தில் ரைனா எதுவும் கேட்காமல் இணைப்பைப் போட்டுக் கருவியை நீட்டினாள். வெலிகா முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்தாள். ரைனா திருப்பிக் கொடுத்தாள்.

"டோல்னா வர்பா" என்றாள் வெலிகா, தேவைக்கு மேல் உரக்க. "நூத்தித் தொண்ணூத்தி அஞ்சு. இறங்குது."

"யார் பேசுறது? குஸ்மன் இல்லையா?"

"இல்ல. வெலிகா பேசுறேன். டிசம்பர்லருந்து அளவு பாக்குறவ."

எங்கோ தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் மட்டும் கம்பி வழியாக வந்தது. அவள் கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சரி" என்றது குரல் கடைசியில். "இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கிறேன்."